பெட்டிக்கு நெற்றி எது?

14

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஹாலேஷ் கம்ப்யூட்டர் நாற்காலியைப் பிடித்துவிட்டான்.

பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி, முந்தின நாளே அதன் முதுகில் தன் சட்டையை மாட்டி வைத்திருந்தான். நீலாம்பிகா முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, அதிலிருந்த பிள்ளையாரைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான். வேலை செய்கிறானாம்.

"அண்ணா, எந்திரி."

"வேலை இருக்கு."

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிதான் கெடு. நேத்தே சொன்னேன்."

"நானும் நேத்தே சொன்னேன். முடியாது."

நேற்று இந்த 'முடியாது'வில்தான் பேச்சு அறுந்து, தட்டில் போட்ட சோள ரொட்டியைத் தொடாமல் இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று நீலாவைக் கடைசித் தேர்வுக்கு எடுத்திருந்தது. நானூறு பேரில் பன்னிரண்டு பேர். கொரோனா வந்த பிறகு யாரும் நேரில் வா என்பதில்லை. அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. அதற்கு முன், சனிக்கிழமை ஐந்து மணிக்குள், அவர்கள் அனுப்பிய சோதனையை ஓட்டிக் காட்ட வேண்டும். திரையில் ஏழு கட்டம் வரும். ஏழும் பச்சையாக இருந்தால் தேர்வு. ஒன்று சிவப்பாக இருந்தாலும், வணக்கம், போய் வா.

வீட்டுப் பெட்டியில் இருந்தது விண்டோஸ் ஏழு. அவர்கள் கேட்டது பத்து. முதல் கட்டமே சிவப்பு.

சைபர் சென்டரில் எழுதக் கூடாது. சிநேகிதி ஷாஹீனின் லேப்டாப் அவள் ஆபீஸுடையது, அதில் வெளிச் சாமான் எதையும் ஏற்ற முடியாது. அவளால் முடிந்தது, புதிய விண்டோஸை ஒரு பென் டிரைவில் போட்டு, பழசையெல்லாம் எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்கும் கொடுத்தனுப்பியதுதான். இரண்டும் நேற்றிலிருந்து நீலாவின் துப்பட்டா முடிச்சில் இருந்தன. மேஜைமேல் வைத்தால் அண்ணன் எங்கேயாவது 'பத்திரமா' வைத்துவிடுவான்.

இத்தனைக்கும் அது யாருடைய பெட்டி?

எட்டு வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்பில் பஞ்சாலைத் தொழிலாளர் பிள்ளைகளிலேயே முதலாவதாக வந்ததற்காக, சங்கம் நீலாம்பிகாவுக்குக் கொடுத்த பரிசு அது. மேடை ஏறி வாங்கியவள் அவள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைச் சொருகியவன் அவன். அன்றைக்குச் சொருகிவிட்டு உட்கார்ந்தவன்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. மண்டக்கிப் பொரி வறுக்கும் பட்டிச் சூளையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், பத்திரிகை அடிக்கப் பழகி, முன்னறையைக் குலசாமி பேரில் 'ஹாலஸ்வாமி கிராபிக்ஸ்' ஆக்கிவிட்டான். தாவணகெரெயில் பழைய பேட்டைப் பக்கம் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் தெரிவது இந்த வீட்டுக்குத்தான்.

அவன் சம்பாத்தியத்தில்தான் அவள் டிகிரி முடித்தாள். அதை அவனே வாரம் மூன்று தடவை சொல்லிக்காட்டுவதால் இங்கே ஒரு தடவை போதும்.

"ஏன் முடியாதுன்னு காரணம் சொல்லு" என்றாள்.

"பத்து போட்டா என் கன்னட எழுத்தெல்லாம் போயிடும். சோமண்ணா கடையில போட்டாங்க. மாப்பிள்ளை பேரு கோழி கிளறின குப்பை மாதிரி வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரன் கடைக்கு வந்து கல்லாப்பெட்டிய உதைச்சான்."

"எழுத்தையும் சேத்து எடுத்து வெச்சுட்டுத் திரும்பப் போட்டா வரும்."

"வரலைன்னா? கார்த்திகை முகூர்த்தம் வருது. நீ பெங்களூர் போயிடுவ. உதை வாங்கறது நான்."

சமையலறையில் தட், தட், தட் என்று ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

"ஹாலா" என்றாள் கௌரம்மா உள்ளேயிருந்தே. பெற்றவள் குரல் உயர்த்தவில்லை. "அந்தப் பெட்டி அவ பேருல வந்தது. ஒரு நாளைக்குக் குடு."

"அவ்வா, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது. ரொட்டி தட்டத் தெரியும். எந்திரிக்கலைன்னா இன்னிக்கு ரொட்டி எனக்கும் அவளுக்கும்தான்."

தட், தட், தட்.

ஒன்பதேகாலுக்கு எழுந்தான். சட்டையை மட்டும் எடுக்கவில்லை.

*

பழசையெல்லாம் டிஸ்க்கில் காப்பி எடுக்கவே மதியம் பன்னிரண்டு ஆகிவிட்டது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஃபோல்டராக எண்ணினான் ஹாலேஷ். ஆனால் 'ஹாலா சொந்தம்' என்ற ஒரு ஃபோல்டரை நீலா திறந்து பார்க்கப் போனபோது, "அத அப்படியே மொத்தமா எடு, திறக்காத" என்றான்.

"அப்படி என்ன பொக்கிஷம்?"

"அப்படியே எடுன்னா எடேன்."

பெண்பிள்ளை படம் ஏதாவது வைத்திருப்பான் என்று நினைத்தாள். அதற்கெல்லாம் நேரமில்லை.

பிறகு பென் டிரைவைச் சொருகினாள். பழசை அழிக்கவா என்று திரை கேட்டது. அழி என்றாள். மீட்க முடியாது, நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். ஹாலேஷ் கண்ணை மூடிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆளைப் போல.

அதற்கப்புறம் சதவீதம்.

பதினொன்று சதவீதம். பதினொன்று சதவீதம். பதினொன்று. பன்னிரண்டு. ஒரே தாவில் முப்பத்தொன்று. சரி, வேகம் பிடித்துவிட்டது என்று நிமிர்ந்தால் முப்பத்தொன்றிலேயே படுத்துக்கொண்டது.

கௌரம்மா எட்டிப் பார்த்தாள். "ஆச்சா?"

"இல்ல."

"நாலு விசில் விட்டா பருப்பே வெந்துடும்."

"இது பருப்பு இல்ல."

"சரி, நான் சட்னிக்கு மிக்ஸி போடறேன்."

நீலா நாற்காலியோடு சேர்ந்து எழுந்தாள். அந்த வீட்டில் மிக்ஸி போட்டால் பத்து நாளில் நாலு நாள் ஃப்யூஸ் போகும். இந்த நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி ஏழாகவும் இருக்காது, பத்தாகவும் இருக்காது, வெறும் தகரமாக இருக்கும். ஓடிப்போய் மிக்ஸி ஜாரைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மறுபடி திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"சட்னிய என்ன பண்றது?" என்றாள் கௌரம்மா.

"அம்மிக்கல்லு இருக்கு."

"டிகிரி படிச்சவ சொல்ற பதிலு!"

பெட்டி தானாக அணைந்தது. தானாகப் பிழைத்தது. மறுபடி அணைந்தது. 'தயாராகிறோம், சற்றுப் பொறுங்கள்' என்று நீலத் திரையில் எழுதியது. யாரைச் சற்றுப் பொறுக்கச் சொல்கிறாய்? இருபத்துநாலு வருஷமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அண்ணன் எழுந்திருக்க, அம்மா புரிந்துகொள்ள, இப்போது நீ வேறயா?

இரண்டே முக்காலுக்குப் புதுத்திரை வந்தது. போனிலிருந்து இன்டர்நெட் இழுத்து, கேமராவைப் பொருத்தி, கம்பெனியின் சோதனையை ஏற்றி முடிக்கும்போது மூன்றே முக்கால்.

ஓட்டினாள்.

பச்சை. பச்சை. பச்சை. கேமரா பச்சை. மைக் பச்சை. ஆறாவது பச்சை.

ஏழாவது சிவப்பு. 'இந்த விண்டோஸ் உரிமம் சரிபார்க்கப்படவில்லை.'

ஷாஹீனுக்குப் போன் போட்டாள்.

"முன்னாடி இருந்தது ஒரிஜினலா?" என்று கேட்டாள் ஷாஹீன்.

வாசலில் நின்ற அண்ணனை நீலா பார்த்தாள். அவன் செண்டுப்பூ மாலை காய்ந்து தொங்கும் நிலைப்படியைப் பார்த்தான்.

"சங்கத்துல குடுத்தப்ப ஒரிஜினல்தான்" என்றான். "நடுவுல ரெண்டு தடவை வைரஸ் வந்துச்சு. கடையில குடுத்தேன். அவன் வேற ஏதோ போட்டுக் குடுத்தான்."

"கள்ளது."

"ஓடுச்சுல்ல?"

போனில் ஷாஹீன், "சண்டை அப்புறம் போடுங்க" என்றாள். "பெட்டியோட பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாரு. கலர் கொடி போட்டிருக்கும். அதுல இருபத்தஞ்சு எழுத்து இருக்கும். அதான் சாவி. பழைய சாவியையே பத்து ஏத்துக்கும், நான் எங்க மாமா வீட்டுல போட்டிருக்கேன். அத அடி, பச்சை விழும்."

இவ்வளவுதானா! நீலா மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். அடியில் பழைய அரிசி, காய்ந்த பூ, ஒரு எலுமிச்சம்பழத் தோல். பக்கவாட்டைத் திருப்பினாள்.

ஸ்டிக்கர் இருந்தது.

அதன்மேல் மூன்று பட்டை விபூதி இருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். இரண்டு வாரத்துக்கு முன்னால் போன ஆயுத பூஜையின் குங்குமம். அதன் அடியில் போன வருஷத்து மஞ்சள் கறை. அதன் அடியில் அதற்கு முந்தின வருஷத்துச் சந்தனம். ஒன்பது ஆயுத பூஜை அந்த ஒரு விரற்கடை இடத்தில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது.

துப்பட்டா நுனியால் துடைத்தாள். விபூதி வந்தது. குங்குமம் வந்தது. அதோடு எழுத்தும் வந்தது. எழுத்து போய் ரொம்ப நாளாகியிருந்தது. கடைசியில் கொஞ்சம் மீதி இருந்ததும் இப்போது துப்பட்டாவில்.

"அவ்வா!"

கௌரம்மா கையில் சட்னியோடு வந்தாள்.

"இது யாரு பண்ண வேலை?"

"நான்தான். பூஜை நான்தானே பண்ணுவேன்?"

"இவ்வளவு பெரிய பெட்டி இருக்கு. மேல இருக்கு, முன்னால இருக்கு, அந்தப் பக்கம் இருக்கு. உனக்கு இந்த இடம்தான் கெடச்சுதா?"

"வேற எங்க வைக்கிறது? பெட்டி பூராக் கறுப்பு. மிஷினுக்கு நெத்தி எதுன்னு தேடிப் பாத்தேன். அந்த ஒரு இடம்தான் கலர் கலரா, எழுத்தெல்லாம் போட்டு, லட்சணமா இருந்துச்சு."

"ஒன்பது வருஷமும் இங்கயேவா?"

"பின்ன? வருஷத்துக்கு ஒரு இடமா நெத்தி மாறும்? பழசத் துடைச்சுட்டுத்தான் புதுசு வெப்பேன். ஈரத் துணியால நல்லாத் தேச்சு..."

"தேச்சியா?"

"அழுக்கு நெத்தில யாராவது விபூதி வெப்பாங்களா?"

நீலாவுக்கு வாயில் வந்த வார்த்தை எதுவும் பெற்றவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. இந்த வீட்டில் எழுத்தைக் கும்பிடுவார்கள். படிக்கத்தான் மாட்டார்கள். அவளுடைய டிகிரி சான்றிதழுக்கும் வருஷா வருஷம் குங்குமம்தான். அது பிழைத்ததற்குக் காரணம் சரஸ்வதி இல்லை, முன்யோசனையாக அவள் லேமினேஷன் செய்து வைத்தது. ஆபீஸிலிருந்து வந்த கடிதம், மின்சார நோட்டீஸ், தடுப்பூசிச் சீட்டு, எல்லாவற்றையும் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி, கெடு தாண்டிய பிறகு எடுத்து, இதில் என்ன போட்டிருக்கு என்று அவளைக் கேட்பார்கள். முதல் ஆளாகப் படித்தவள் தலையெழுத்து. அவள் தலையெழுத்தும் இருபத்தைந்து எழுத்துத்தான் போலிருக்கிறது. அதையும் தேய்த்தாயிற்று.

"தேங்காண்ணெய் போட்டுப் பாரு" என்றாள் கௌரம்மா. "பாத்திரத்து ஸ்டிக்கர் அதுக்கு வந்துடும்."

"வரக் கூடாது! இது வரக் கூடாது!"

ஆனாலும் போட்டாள். வேறு என்ன செய்ய? விரலில் எண்ணெய் தொட்டு, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, மூக்கு இடிக்க உட்கார்ந்து பார்த்தாள். முதல் ஐந்து எழுத்து தெரிந்தது. கடைசியில் இரண்டு. நடுவில் காவி நிறப் பாலைவனம். மணி நாலு பத்து. கம்பெனிக்குப் போன் செய்தால் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று புல்லாங்குழல் வாசித்தது. நாலு பதினெட்டு. எண்ணெய் விரல் மறுபடி ஸ்டிக்கரில் தேய்த்தது. ஒரு மூலை உரிந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது.

நகத்தில் ஒட்டியதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அழுகையைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"என்கிட்ட இருக்கு."

ஹாலேஷ். வாசல் நிலையில் சாய்ந்தபடி, யாரையும் பார்க்காமல்.

"என்ன இருக்கு?"

"அந்த எழுத்து. இருபத்தஞ்சும்."

"என்ன விளையாடறியா?"

"டைப்பிங் பழகுனப்ப அடிச்சது. பெட்டி வந்த புதுசுல. இந்த வீட்டுல இங்கிலீஷ்ல வேற என்ன இருந்துச்சு? உன் புஸ்தகத்தத் தொட்டா நீ கடிப்ப. சோப்புக் கவரும் அந்த ஸ்டிக்கரும்தான். நீ படிக்கப் போனதும் பெட்டியத் திருப்பி வெச்சுட்டு அதப் பாத்துப் பாத்து அடிப்பேன். திரும்பத் திரும்ப அதையேதான்."

"எங்க அது?"

"என் ஃபோல்டர்ல. ஷாஹீன் டிஸ்க்குல இருக்கும்." அவன் பக்கத்தில் வந்தான். "நீ எந்திரி. நான் எடுத்துத் தரேன்."

"நீ உக்காந்தா நாளைக்குத்தான் எந்திரிப்ப. எந்த ஃபோல்டர்?"

"நீலி, சொன்னாக் கேளு. ஒரு நிமிஷம். எந்திரி."

"எந்த ஃபோல்டர்னு கேட்டேன்."

ஹாலேஷ் கடிகாரத்தைப் பார்த்தான். தங்கையின் எண்ணெய் விரலைப் பார்த்தான்.

"ஹாலா சொந்தம்" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திறந்தாள். முன்னூறுக்கு மேலே இருந்தன. தேதிவாரியாக அடுக்கச் சொன்னாள். புதியது மேலே, பழையது கீழே.

எல்லாவற்றுக்கும் அடியில், எட்டு வருஷத்துக்கு முந்தின தேதியில், 'பழகு 1'.

எல்லாவற்றுக்கும் மேலே, நேற்று மாலை ஆறு பத்துக்கு, 'நீலா - பெண் விவரம்'.

கை அந்த மேல்வரியில் நின்றது. மணி நாலு இருபத்தாறு. நின்ற கையை அவளே இழுத்துக் கீழ்வரிக்குக் கொண்டுபோனாள். முதலில் பரீட்சை. கொலை அப்புறம்.

'பழகு 1' ஒரு பக்கம் முழுக்க ஒரே வரி. ஒரே வரி என்று சொல்வதே தப்பு. முதல் வரியில் முப்பது எழுத்துக்கு மேல் இருந்தது, பாதி இரட்டை இரட்டையாக. இரண்டாவது வரி நடுவில் அறுந்திருந்தது. பத்தாவது வரியில் எழுத்து சரி, இடைவெளி தப்பு. மூட்டை தூக்கின விரல் ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி இறங்கி வந்திருந்தது. இருபதாவது வரிக்கு மேல் பிசகே இல்லை. கடைசிப் பத்து வரியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல நின்றன.

கடைசி வரியை அடித்தாள்.

சக்கரம் சுற்றியது. சுற்றியது. கௌரம்மா சட்னிக் கிண்ணத்தோடு சாமி படத்தைப் பார்த்து நின்றாள். சக்கரம் சுற்றியது.

'விண்டோஸ் செயல்படுத்தப்பட்டது.'

சோதனையை மறுபடி ஓட்டினாள். பச்சை, பச்சை என்று ஒவ்வொன்றாக எரிந்து ஏழாவதும் பச்சை. நாலு நாற்பத்தெட்டுக்கு மின்னஞ்சல் வந்தது: நீங்கள் தேர்வு எழுதலாம். திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணி. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

"ஆயிடுச்சா?" என்றாள் கௌரம்மா. "ஹாலஸ்வாமி காப்பாத்தினாரு! இரு, குங்குமம்..."

"அவ்வா, அந்தப் பெட்டிகிட்டக் கைய கொண்டுபோன, கையக் கடிச்சுடுவேன்."

அப்புறம் திரும்பி மேல்வரியைத் திறந்தாள்.

படமாகச் சேமித்திருந்தான். நாலு பக்கமும் கொடிப் பூ பார்டர். உச்சியில் பிள்ளையார், காலையில் பெரிதாகிச் சின்னதானவர். போன தீபாவளிக்கு எடுத்த போட்டோவில் நீலாம்பிகா பச்சைப் புடவையில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது, உன் போட்டோ?" என்றாள் கௌரம்மா. "சத்தமாப் படி."

படித்தாள். "பெயர் நீலாம்பிகா. வயது இருபத்திரண்டு."

"இருபத்துநாலு" என்றாள் கௌரம்மா.

"படிப்பு, பி.எஸ்சி. வேலை, இல்லை. இனி வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. அடக்கமானவள். பெரியவர் சொல் தட்டாதவள்."

கௌரம்மா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஹாலா, இந்த வேலைச் சமாச்சாரம் நான் சொல்லலையே?"

"நீ என்ன சொன்ன அவ்வா? உனக்கு இது தெரியுமா?" என்றாள் நீலா.

"ராணேபென்னூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்கன்னு தெரியும். நல்ல இடம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வர்றாங்க."

"திங்கட்கிழமை பத்து மணிக்கா!"

"உனக்குப் பரீட்சைன்னு தெரியும்டி. நீ பாட்டுக்குப் பெட்டில எழுது, அவங்க ஒரு ஓரமா உக்காந்து பாக்கட்டும்னு நெனச்சேன். படிக்கிற பொண்ணுன்னு அவங்களுக்கும் தெரியுமில்ல?"

அந்த வீட்டில் முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. பெட்டி இருப்பது முன்னறையில். வருகிறவர்கள் உட்கார வேண்டியதும் முன்னறையில். கேமராவில் இன்னொரு தலை தெரிந்தால் அந்த நிமிஷமே தேர்வு போச்சு. ஏழு பேர் மண்டக்கி மென்றுகொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பதை அந்தக் கம்பெனிக்காரன் எந்தக் கட்டத்தில் பச்சை போடுவான்?

நீலா அண்ணனிடம் திரும்பினாள்.

"நேத்து ஆறு பத்துக்கு இத முடிச்சுட்டு, ஏழு மணிக்கு வந்து, கன்னட எழுத்து போயிடும்னு என்கிட்டச் சண்டை போட்டியா?"

"எழுத்தும்தான்" என்றான் ஹாலேஷ்.

"எழுத்தா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஷாஹீன் டிஸ்க்கிலிருந்து அவனுடைய எழுத்துருக்களை இழுத்துப் போட்டாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகையைத் திறந்தாள். மணமகன் பெயர், மணமகள் பெயர், தாத்தா, சித்தப்பா, அண்ணன் தம்பி பரிவாரம், கல்யாண மண்டப விலாசம் உட்பட ஒரு கொம்பு, ஒரு சுழி விலகாமல் வந்து நின்றது. இரண்டு நிமிஷ வேலை. ஹாலேஷ் குனிந்து வரிவரியாகத் தேடினான். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அதற்கே அவனுக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது.

"இப்பச் சொல்லு. வேலைக்குப் போகமாட்டேன்னு யாரு சொன்னா?"

"அவங்க கேட்டாங்க. அப்படி இருந்தாத்தான் வருவோம்னாங்க. போட்டேன். ஆயிரம் பத்திரிகை போட்டிருக்கேன், எதுல உண்மை இருக்கு? எல்லாரும் சிரஞ்சீவி, எல்லாரும் சௌபாக்கியவதி."

"நான் உன் பத்திரிகை இல்ல."

"எனக்கு இருபத்தேழு ஆச்சு நீலி!" அவன் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "வீட்டுல தங்கச்சிய வெச்சுட்டு எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்? ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் நான் பூ பார்டர் போடறேன். எனக்கு எவன் போடறது?"

கௌரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தெருவில் யாரோ மிளகாய் பஜ்ஜி கூவிக்கொண்டு போனான்.

நீலாவுக்கு ஒன்று மட்டும் கணக்கில் வரவில்லை.

"சரி. அப்படி இருக்கறப்போ சாவிய ஏன் குடுத்த? வாய மூடிட்டு நின்னிருந்தா அஞ்சு மணிக்கு எல்லாம் தானா முடிஞ்சிருக்கும். நான் அவ்வாவத் திட்டிட்டு, புடவை கட்டிட்டு, திங்கட்கிழமை காபி கொண்டுவந்திருப்பேன்."

ஹாலேஷ் தரையில் கிடந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் காலால் நகர்த்தினான்.

"தெரியல. நீ அந்த ஸ்டிக்கர எண்ணெய் போட்டுத் தேச்சுட்டு இருந்த. பாக்க முடியல."

முழுக்கக் கெட்டவனாகவாவது இருந்து தொலைத்தானா? திட்டவும் விடமாட்டான், மன்னிக்கவும் விடமாட்டான்.

"போன் போட்டுத் தேதிய மாத்து" என்றாள்.

"முடியாது. மூணு தடவை அவங்களே மாத்தி, கடைசியா ஒத்துக்கிட்ட தேதி. இப்ப மாத்தினா வரவே மாட்டாங்க."

"வராம இருக்கட்டும்."

"உனக்கென்ன!"

அப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த அவனுடைய போன் அதிர்ந்தது. மேஜையில் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து வந்தது. திரையில் 'ராணேபென்னூர்' என்று இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எடுத்து, திங்கட்கிழமை உறுதின்னு சொல்லு" என்றாள் கௌரம்மா, பழக்கத்தில். சொன்னவள் மகளின் முகத்தைப் பார்த்து, "இல்ல... எடுக்காத" என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஹாலேஷ் கை நீட்டினான். ஆனால் இன்றைக்கு நாற்காலியில் இருந்தவள் அவள். போன் அவளுக்குத்தான் பக்கம்.

"ஹலோ" என்றாள் நீலாம்பிகா. "ஹாலேஷ் வீடுதான். நான் பொண்ணு பேசறேன்."

"எங்க அண்ணன் உங்களுக்கு அனுப்பின விவரத்துல மூணு இடத்துல தப்பு இருக்கு. வயசு, வேலை, அப்புறம் கடைசில போட்டிருக்கற அந்த அடக்கம். திருத்திக்கிறீங்களா?"

ஹாலேஷ் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

போனில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல், வயதானதும் இல்லை, சின்னதும் இல்லை, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலத் தணிந்து வந்தது.

"பையனோட அம்மா பேசறேன். ஒரு நிமிஷம் இரும்மா. கதவச் சாத்திட்டு பேனா எடுத்துட்டு வரேன்."